சர்டிபிகேட் இருக்கு, சாமிகிட்ட போக வழியில்லை

போன செமஸ்டர் முடியறதுக்கு முந்தின சனிக்கிழமை எங்க விங்ல இருந்து நாலு பேர் ஸ்ரீரங்கம் போயிருந்தோம். அதுல ரெண்டு பேர் வடக்கத்திப் பசங்க. ஒண்ணாம் நம்பர் பஸ்ல நசுங்கி, காவிரிப் பாலத்துல டிராபிக்ல நின்னு, ஒருவழியா ராஜகோபுரத்துக்கு முன்னாடி இறங்கினதும் ரெண்டு பேரும் வாயைப் பிளந்துட்டாங்க. 236 அடி. "எவ்ளோ பழசு?"ன்னு கேட்டாங்க. 1987லதான் முடிஞ்சது, அதுவரைக்கும் பல நூறு வருஷம் மொட்டைக் கோபுரமா நின்னுச்சுன்னு சொன்னேன். கொஞ்சம் ஏமாந்துதான் போனாங்க. அப்புறம் ஒருத்தன் திரும்பிப் பார்த்து, "கோயிலுக்கு எதிர்ல சிலையா இருக்காரே, இந்தத் தாடித் தாத்தா யாரு? சாமியாரா?"ன்னான்.

பெரியாரை சாமியாரான்னு கேட்டவனை அவரே ரசிச்சிருப்பார். அது இருக்கட்டும். அந்தச் சிலை 2006 டிசம்பர்ல திறக்கப்பட்டது. திறக்கறதுக்குச் சில நாளைக்கு முன்னாடி அதை உடைச்சாங்க, ஊரே பதற்றமாச்சு, மறுபடி வெச்சுத் திறந்தாங்க. இவ்வளவு வரைக்கும் திருச்சிக்காரங்க பல பேருக்குத் தெரியும். அதே 2006ல, மே மாசம், தமிழ்நாடு அரசு ஒரு ஆணை போட்டுச்சு: தகுதியும் பயிற்சியும் இருக்கிற இந்து யாரா இருந்தாலும் அர்ச்சகர் ஆகலாம். அடுத்த வருஷம் மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலையில சைவப் பயிற்சிப் பள்ளிகளும், திருவல்லிக்கேணியிலயும் நம்ம ஸ்ரீரங்கத்துலயும் வைணவப் பயிற்சிப் பள்ளிகளும் ஆரம்பிச்சாங்க. இதை நான் சொன்னப்போ, கூட வந்திருந்த திருச்சிப் பையனுக்கே தெரியல. எனக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் தெரியாது.

சிலையைப் பத்தி சண்டை போட நம்ம ஊர்ல ஆள் நிறைய. அந்தப் பள்ளியில படிச்சவங்க என்ன ஆனாங்கன்னு கேட்க ஆள் குறைவு. அந்தக் கேள்வியைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு பழைய கதை. இங்க இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற உறையூர்க்காரர் திருப்பாணாழ்வார். பாணர் குலம், அந்தக் காலத்துத் தீண்டாமைக் கணக்குப்படி ரங்கத் தீவுக்குள்ள காலடி வைக்கக்கூடாது. அதனால காவிரியோட தென்கரையில நின்னு, கோயில் இருக்கிற திசையைப் பார்த்து யாழ் மீட்டிப் பாடுவாராம். திருமஞ்சனத்துக்குத் தண்ணி எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் 'விலகு'ன்னு கத்தினார். பாட்டுல மெய்மறந்து நின்னவருக்குக் காதுல விழல. முனிவர் கல்லை எடுத்து அடிச்சார், நெத்தியில ரத்தம். கோயிலுக்குப் போய்ப் பார்த்தா பெருமாள் நெத்தியிலயும் ரத்தம். அன்னைக்கு ராத்திரி பெருமாள் கனவுல வந்து, 'அவனை உன் தோள்ல தூக்கிட்டு வா'ன்னு சொல்ல, முனிவர் அப்படியே தூக்கிட்டு வந்தார். அதனால ஆழ்வாருக்கு முனிவாகனர்னே ஒரு பேர். உள்ள போனவர் பெருமாளைப் பார்த்துப் பத்துப் பாட்டுப் பாடி, அங்கேயே கலந்துட்டார்.

சின்ன வயசுல எங்க பாட்டி இதைச் சொல்லும்போது கண்ணு கலங்கும். எனக்கும் பிடிச்ச கதைதான். ஆனா இந்தத் தடவை யோசிச்சப்போ ஒரு விஷயம் உறுத்துச்சு. சிதம்பரத்துல நந்தனார் தீயில இறங்கி உள்ள போனார், மறைஞ்சார். ஸ்ரீரங்கத்துல திருப்பாணர் தோள்ல ஏறி உள்ள போனார், மறைஞ்சார். உள்ள போன ரெண்டு பேருமே திரும்பி வெளிய வந்ததா கதை இல்லை. ஒரு தடவை, ஒரு அதிசயமா, ஒரே ஒருத்தருக்கு. அவரோட மாமா பையனும் அடுத்த நாள் உள்ள வந்தானான்னு கதை சொல்றவங்க யாரும் சொல்லல.

2007ல அந்தப் பள்ளிகள்ல சேர்ந்த பசங்க கேட்டது அதிசயம் இல்லை. காலையில போகணும், நடை திறக்கணும், பூஜை பண்ணணும், ராத்திரி நடை சாத்திட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும், மாசாமாசம் சம்பளம் வாங்கணும். அவ்ளோதான் கேட்டாங்க. தமிழ்நாட்டுல அதுதான் கிடைக்கவே மாட்டேங்குது.

அந்த முதல் பேட்ச்ல 206 பேர் படிச்சு முடிச்சாங்க. எல்லாச் சாதியும் இருந்தாங்க, தலித் மாணவர்களும் இருந்தாங்க. மந்திரம், ஆகமம், பூஜை முறை எல்லாம் கத்துக்கிட்டு, தீட்சை வாங்கி, சர்டிபிகேட்டோட வெளிய வந்தாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே ஆதி சைவ சிவாச்சாரியார்கள் நலச் சங்கம் சுப்ரீம் கோர்ட் போயிருந்துச்சு. வழக்கு நடக்கறதால வேலை கிடையாது. வழக்கைக் காரணம் காட்டிப் பள்ளிகளையும் மூடிட்டாங்க. நம்ம காலேஜ்ல பிளேஸ்மென்ட் ஆறு மாசம் தள்ளிப்போனாலே ராத்திரி தூக்கம் வராது. இவங்க காத்திருந்தது 13 வருஷம். இருபது வயசுல சேர்ந்தவன் முப்பத்து மூணு வயசுல நிக்கிறான். நடுவுல கிடைச்ச வேலைக்குப் போனாங்க; சில பேர் ஊர்ல இருக்கிற சின்னக் கோயில்ல பூஜை பண்ணிக் காலத்தைத் தள்ளினாங்க.

மனித உரிமைப் பணின்னா என்னன்னு எனக்கு ஒரு சினிமாத்தனமான நினைப்பு இருந்துச்சு. மெழுகுவத்தி, பேனர், மெரினா மாதிரி கூட்டம். இந்தப் பசங்க பண்ணினதைப் படிச்சப்புறம்தான் அது எவ்வளவு சலிப்பான வேலைன்னு புரிஞ்சுது. முதல்ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அரசுப் பயிற்சி பெற்ற அர்ச்சக மாணவர்கள் சங்கம். அதுக்குத் தலைவர் ரங்கநாதன். அவரும் அந்த 206ல ஒருத்தர். மனித உரிமைப் பாதுகாப்பு மையத்து வக்கீல்கள் கூட நின்னாங்க. வழக்கு அரசுக்கும் சிவாச்சாரியார்களுக்கும் நடுவுலதான் ஓடிட்டு இருந்துச்சு. பாதிக்கப்பட்ட இவங்க அதுல ஒரு தரப்பே இல்லை. 'எங்க வாழ்க்கையைப் பத்திதான் பேசுறீங்க, எங்களையும் சேர்த்துக்கோங்க'ன்னு மனுப் போட்டுத்தான் உள்ள போனாங்க. அதுக்கப்புறம் மனு, வாய்தா, டெல்லிக்கு ரயில் டிக்கெட், கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஆர்ப்பாட்டம், ஆட்சி மாறினா புது மந்திரிக்கு அதே மனு. இப்படியே வருஷக்கணக்கா. இதுல போட்டோ எடுத்துப் போடற மாதிரி எதுவுமே கிடையாது.

இவங்களுக்கு முன்னாடி வேற மாதிரியும் முயற்சி நடந்திருக்கு. கருவறை நுழைவுப் போராட்டம்னு பெரியார் கடைசிக் காலத்துல அறிவிச்சார். அதைத் தொடர்ந்துதான் 1970 டிசம்பர்ல கருணாநிதி அரசு, அர்ச்சகர் வேலை பரம்பரைச் சொத்து இல்லைன்னு சட்டத் திருத்தம் கொண்டுவந்துச்சு. 1993ல மக்கள் கலை இலக்கியக் கழகத்துக்காரங்க இதே ஸ்ரீரங்கத்துல கருவறை நுழைவுப் போராட்டம் நடத்தினாங்க. அந்த மாதிரி போராட்டத்தை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா பூஜை பண்ண ஆசைப்படறவனே, மந்திரம் தெரிஞ்சவனே, 'நான் பக்தன், எனக்கு இந்த வேலை வேணும்'னு வந்து நின்னப்போ பழைய சண்டையோட முகமே மாறிடுச்சு. 'சாமி இல்லைங்கறவனுக்குக் கோயில்ல என்ன வேலை'ங்கற கேள்வியை இவங்ககிட்ட கேட்கவே முடியாது.

கோர்ட் கதை நீளம், சுருக்கமா சொல்றேன். 1970 திருத்தத்தை எதிர்த்துப் போன சேஷம்மாள் வழக்குல, 1972ல சுப்ரீம் கோர்ட் ஒரு கையில குடுத்து மறு கையில வாங்கிக்கிச்சு. பரம்பரை உரிமையை ஒழிச்சது செல்லும், அர்ச்சகரை நியமிக்கிறது மதச்சார்பில்லாத நிர்வாக வேலைதான், ஆனா ஆகமம் யாரைச் சொல்லுதோ அவங்களைத்தான் நியமிக்கணும். வைகானச ஆகமக் கோயில்ல பிருகு, அத்ரி, மரீசி, காசியபர்னு நாலு ரிஷிகள் வழி வந்தவங்கதான் மூர்த்தியைத் தொடலாம், மத்தவங்க தொட்டா தீட்டுங்கற வாதம் அந்தத் தீர்ப்புலயே பதிவாகியிருக்கு. அப்பாகிட்ட இருந்து பையனுக்குப் போகக்கூடாது, ஆனா அதே வம்சத்துக்குள்ளயேதான் இருக்கணும். இந்த ரெண்டையும் ஒண்ணா எப்படிப் புரிஞ்சுக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

2015 டிசம்பர் 16ல, 2006 ஆணை மேல வந்த தீர்ப்பும் ஏறக்குறைய அதே பாதைதான். ஆணையை ரத்துப் பண்ணல. ஆனா நியமனம் ஆகமப்படி இருக்கணும், அது அரசியல் சட்டத்துக்கு முரணா இருக்கக்கூடாது, ஒவ்வொரு கேஸையும் தனித்தனியா பார்த்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு தரப்பும் ஜெயிச்சோம்னு சொன்னாங்க. வேலை மட்டும் யாருக்கும் வரல. 2018ல மதுரை தல்லாகுளம் ஐயப்பன் கோயில்ல ஒருத்தருக்கு வேலை கிடைச்சுது. 2021 ஆகஸ்ட் 14ல ஸ்டாலின் அரசு 24 அர்ச்சகர்களை நியமிச்சுது. டிவியில எல்லாம் பெரிசா ஓடுச்சு. நாமளும் ஸ்டேட்டஸ் போட்டோம், பிரச்சினை முடிஞ்சுதுன்னு நினைச்சோம். 206ல பெரும்பாலானவங்க அன்னைக்கும் வெளியதான் நின்னாங்க.

முடியலங்கறதுக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. வயலூர் முருகன் கோயில். நம்மள்ல பாதிப் பேர் எக்ஸாமுக்கு முன்னாடி போய் ஹால் டிக்கெட்டை வெச்சுக் கும்பிட்டிருப்போம். 2021ல அங்க ரெண்டு பேரை நியமிச்சாங்க. அதை எதிர்த்து மதுரைக் கிளையில வழக்கு. அந்தக் கோயில் ஆகமப்படி ஆதி சைவர்கள்தான் அர்ச்சகர் ஆகலாம், இவங்க நியமனம் செல்லாதுன்னு 2023ல தனி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டுக்குப் போனாங்க. 2025 பிப்ரவரியில அங்க கும்பாபிஷேகம் நடந்தப்போ, இவங்களைக் கருவறைப் பூஜையில சேர்க்காம ஒதுக்கிட்டாங்கன்னு புகார் வந்துச்சு. அரசாங்க ஆணை கையில இருக்கு, நாலு வருஷமா அந்தக் கோயில்லயே வேலை. ஆனா திருவிழா அன்னைக்கு வெளிய நில்லுன்னா, அந்த ஆணைக்கு என்னதான் மதிப்பு?

இன்னொண்ணு. மூடிக்கிடந்த பள்ளிகளை மறுபடி திறந்தாங்க இல்லையா, அதுல ஸ்ரீரங்கம் பள்ளியில மூணு பெண்கள் படிச்சு முடிச்சு 2023 செப்டம்பர்ல சர்டிபிகேட் வாங்கினாங்க. பெருமாள் கோயில்ல பெண் அர்ச்சகர், அதுவும் ஸ்ரீரங்கத்துல படிச்சவங்க! எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு. அதே செப்டம்பர் 25ஆம் தேதி, ஆகமக் கோயில்கள்ல இப்ப இருக்கிற நிலையே தொடரட்டும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

இதைப் பத்தி ஹாஸ்டல்ல பேச ஆரம்பிச்சா மூணு வகை பதில் வருது.

முதலாவது, "மச்சான், ஆகமம் அவங்க மத நம்பிக்கை. அதுல நாம தலையிடக்கூடாது." சரி, ஆகமத்தையே எடுத்துப்போம். எந்தக் கோயில் எந்த ஆகமப்படி நடக்குதுன்னு கண்டுபிடிக்கவே 2022 ஆகஸ்ட்ல சென்னை ஹைகோர்ட் ஓய்வுபெற்ற நீதிபதி சொக்கலிங்கம் தலைமையில ஒரு குழு போடச் சொல்லுச்சு. அதாவது, ஐம்பது வருஷமா 'இந்த ஸ்பெசிபிகேஷன்படிதான் ஆள் எடுக்கணும்'னு கேஸ் நடத்திட்டு இருக்கோம், அந்த ஸ்பெசிபிகேஷன் எந்தக் கோயிலுக்கு எதுன்னு பட்டியலே கையில இல்லை. நம்ம லேப்ல இப்படி ஒரு ரிப்போர்ட் குடுத்தா மேடம் மூஞ்சியிலயே தூக்கி எறிவாங்க. ஆகமத்துல கோயில் எப்படிக் கட்டணும், எப்போ நடை சாத்தணும்னு எவ்வளவோ விதி இருக்கு. டிக்கெட் போட்டு ஸ்பெஷல் தரிசனம், கருவறை வாசல் வரைக்கும் எலெக்ட்ரிக் லைட், ஏசி எல்லாம் வந்தப்போ யாரும் கோர்ட்டுக்குப் போய் ஐம்பது வருஷம் நிக்கல. யார் பிறந்த வீடு எதுங்கற ஒரு விதியை மட்டும் காப்பாத்த இவ்வளவு போராட்டம்னா, அதைச் சாதின்னுதான் நான் சொல்வேன்.

கேரளாவையும் பாருங்க. அங்க ஈழவர் சமூகத்து அர்ச்சகர் நியமனத்தைச் சுப்ரீம் கோர்ட் 2002லயே செல்லும்னு சொல்லிடுச்சு. 2017ல திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டுக்கு 36 பிராமணரல்லாத அர்ச்சகர்களைத் தேர்ந்தெடுத்தாங்க, அதுல ஆறு பேர் தலித். நூறு வருஷம் முன்னாடி வைக்கத்துல கோயிலைச் சுத்தி இருக்கிற தெருவுல நடக்கவே விடாத ஊர், அங்க போய் ஜெயில்ல இருந்தவர்தான் இப்போ ராஜகோபுரத்துக்கு எதிர்ல சிலையா இருக்கார். நம்ம ஆளு போய்ப் போராடின ஊர்ல நடந்துருச்சு. நம்ம ஊர்ல நடக்கல.

ரெண்டாவது பதில், "தகுதி வேணும்ல?" இதைச் சொல்றவன் பெரும்பாலும் கவுன்சலிங் கட்ஆப் பத்தியும் இதே வார்த்தையைச் சொல்றவன்தான். தகுதி தகுதின்னு கேட்டீங்க. அரசே பாடத்திட்டம் போட்டு, பரீட்சை வெச்சு, பாஸ் பண்ணினவங்களை நிறுத்தியிருக்கு. அவங்களைப் பார்த்து 'பாஸ் பண்ணா போதாது, பிறப்பும் வேணும்'னு சொல்றாங்க. அப்போ இத்தனை நாளா தகுதின்னு எதைத்தான் சொல்லிட்டு இருந்தோம்? இந்த ஒரு கேள்விக்காகவே இந்த வழக்கை ஒவ்வொரு இன்ஜினியரிங் மாணவனும் படிக்கணும்னு நினைக்கிறேன்.

மூணாவது பதில்தான் எனக்குக் கஷ்டமானது. என் ரூம்மேட் சொன்னான், அவன் சொன்னதை அப்படியே எழுதுறேன்: "அர்ச்சகர் வேலை எல்லாம் அப்புறம்டா. எங்க ஊர் மாரியம்மன் கோயில்ல எங்க பெரியப்பாதான் பூசாரி. ஐயரும் இல்லை, ஆகமமும் இல்லை. காலனி ஆளுங்களுக்கு விபூதியைத் தூக்கித்தான் போடுவார். அதுக்கு எந்தக் கோர்ட்ல கேஸ் போடறது?"

பதில் சொல்ல எனக்கு நேரமாச்சு. அவன் சொன்னது சரி. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில்ல தலித் மக்களை உள்ள விடாம பிரச்சினை ஆகி, 2023 ஜூன்ல கோயிலுக்கே சீல் வெச்சாங்க. விடாதவங்க யாரும் நாலு ரிஷிகளோட வம்சம் இல்லை. இங்க இருந்து கொஞ்ச தூரத்துல புதுக்கோட்டை மாவட்டம், வேங்கைவயல். குடிதண்ணித் தொட்டியில மலம் கலந்த செய்தியை விசாரிக்கப் போன கலெக்டர் கவிதா ராமு, 2022 டிசம்பர்ல பக்கத்து இறையூர் ஐயனார் கோயிலுக்குத் தலித் மக்களைக் கையோட கூட்டிட்டுப் போனார். டீக்கடையில ரெட்டை டம்ளரும் அப்போதான் வெளிய வந்துச்சு. தொட்டியில கலந்தது எவ்வளவு பெரிய கொடுமைன்னு நாடே பேசுச்சு. அது நடக்கலைன்னா அந்த டம்ளர் அப்படியேதான் இருந்திருக்கும். ஸ்ரீரங்கம் பட்டர்களைத் திட்டறது நமக்கு ரொம்ப ஈஸி, ஏன்னா அவங்க நம்ம சொந்தக்காரங்க இல்லை. பெரியப்பாகிட்ட கேட்கறதுதான் கஷ்டம். 1939ல மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள தலித் மக்களை அழைச்சிட்டுப் போன வைத்தியநாத ஐயர் தன் சொந்தக்காரங்களைத்தான் பகைச்சுக்கிட்டார்.

ஆனா, 'அது பெரிசா இது பெரிசா'ன்னு ரெண்டையும் தராசுல வைக்க எனக்கு மனசில்லை. ஊர்ப் பூசாரி விபூதியைத் தூக்கிப் போடறதுக்கு தைரியம் எங்க இருந்து வருது? பெரிய கோயில்ல, அரசாங்கம் நடத்தற கோயில்ல, தொட்டா தீட்டுங்கறதை கோர்ட்லயே நின்னு வாதாட முடியுதுங்கறதுலயும் கொஞ்சம் வருதுன்னு நினைக்கிறேன். அரசியல் சட்டம் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிச்சாச்சுன்னு சொல்லுது. 'கருவறை வரைக்கும்'னோ 'கருவறை தவிர'ன்னோ அதுல ஒண்ணும் எழுதலை. ரூம்மேட்கிட்ட இதைச் சொன்னேன். "சரி, பொங்கலுக்கு ஊருக்கு வா, பெரியப்பாகிட்ட நீயே பேசு"ன்னான். வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. திருச்சி மாவட்டத்துல அறநிலையத் துறைக் கோயில்கள்ல எத்தனை அர்ச்சகர் பணியிடம் காலியா இருக்கு, அரசுப் பள்ளியில பயிற்சி முடிச்சவங்க எத்தனை பேர் வேலையில இருக்காங்க, ஸ்ரீரங்கம் பள்ளியில இதுவரை படிச்சவங்க எத்தனை பேர், அவங்கள்ல எத்தனை பேருக்கு எந்தக் கோயில்ல வேலை. இந்த நாலு கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டு மனு எழுதி வெச்சிருக்கேன். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டணும், அவ்வளவுதான் செலவு. வயலூர் பத்தித் தனியா இன்னொரு மனுவும் போடலாம், அதை எழுத ஒரு ஆள் வேணும். தமிழ் டைப்பிங் தெரிஞ்சா போதும். முதல் மனு திங்கட்கிழமை என் பேர்ல தபால்ல போகுது. முப்பது நாள்ல பதில் வரணும். வந்தா அடுத்த இதழ்ல அப்படியே போடறோம். வரலைன்னா, வரலைன்னு போடறோம்.